எழுத்து: ரயீஸ் அல்ல

கொச்சி மட்டாஞ்சேரியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரயீஸ் ஒரு சினிமா எழுத்தாளர். அவரே சொன்னால்தான் தெரியும். அவரும் சொல்லாமல் விட்டதில்லை.

பத்தொன்பது வருடமாக மலையாளப் படத்தில் யாராவது தமிழ் பேச வேண்டுமென்றால் அவருக்குத்தான் போன் வரும். லாரி டிரைவர், வட்டிக்காரர், ஐந்து நிமிடத்தில் அடி வாங்கி விழப்போகும் அடியாள், இவர்களெல்லாம் பேசுகிற தமிழ் அவர் கடையில், ஸ்க்ரீன் உடைந்த போன்களுக்கு நடுவே பிறந்தது. வீட்டில் ராவுத்தர் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்; தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவார். இந்தத் தொழிலில் அது குறையல்ல, தகுதி. நடிக்கிற சேட்டனுக்கு அப்படியிருந்தால்தான் வாசிக்க வரும்.

"ரயீசே, கொறச்சுகூடி கனம் வேணும்" என்பார்கள் டைரக்டர்கள். தமிழன் வாயைத் திறந்தால் கனமாகத்தான் வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இவரும் ஏற்றிக் கொடுப்பார். படம் வந்ததும் மனைவி நசீபாவைக் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்குப் போவார். ஆரம்பத்தில் ஓடும் நன்றிப் பட்டியலில், படகு கொடுத்தவருக்கும் பிரியாணி கொடுத்த ஹோட்டலுக்கும் நடுவே அவர் பெயர் ஓடும். ஒரு தடவை நசீபா தும்மினாள், போய்விட்டது.

"மச்சான், எழுதுனவங்களுக்குன்னு தனியா ஒரு கார்டு போடுறாங்கல்ல, அதுல நீங்க எப்ப வருவீங்க?"

அவள் விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது ரயீசுக்கு அந்த ஆசை. 'எழுத்து: ரயீஸ்'. தனிக் கார்டு. மூன்று வினாடி போதும்.

அதற்காகவே ஒரு நாற்பது நிமிடப் படத்துக்குக் கதை எழுதினார். பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் தமிழன் ஒருவன், தான் சுமக்கிற மிளகாயில் கலப்படம் இருப்பதைத் தெரிந்துகொள்கிறான். வெளியே சொன்னால் வேலை போகும். எழுத்து மட்டும் ரயீஸ், மற்றதெல்லாம் மற்றவர்கள். ஏற்பாடு அப்படித்தான் இருந்தது.

தயாரிப்பாளர், மிளகாய் மொத்த வியாபாரி சங்கரலிங்கம் அண்ணாச்சி. சீனுக்குச் சீன் தன் கடைச் சாக்கு தெரிய வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. கதையை அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஷூட்டிங்குக்கு முந்தின நாள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஏம்ப்பா, மொளகாயில கலப்படம், சாக்குல எம் பேரு. படம் எடுக்கியா, எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கியா?"

அண்ணாச்சி போனார். ரயீஸ் ஸ்கூட்டரை விற்றுத் தயாரிப்பாளர் ஆனார்.

டைரக்டர், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். சனி, ஞாயிறு மட்டும் கலைஞர். இரண்டாவது வாரம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. "இக்கா, இனி ஞாயிறும் ஆபீஸ்" என்று செய்தி அனுப்பிவிட்டுக் குரூப்பிலிருந்து வெளியேறினார். ரயீஸ் டைரக்டர் ஆனார். அடுத்து ஹீரோ. டிவி சீரியலில் முருகன் வேஷம் கிடைத்ததென்று மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான். முருகனை மிளகாய் மூட்டை தூக்க வைக்க முடியுமா? ரயீசே தூக்கினார்.

மூட்டை நிஜமூட்டை. தலையில் வைத்துக்கொண்டு சொல்லவேண்டிய வசனம் இது: "நான் சுமப்பது மூட்டையை அல்ல, முகவரி தொலைத்த ஒரு காலத்தை!" 'அல்ல' வரைக்கும் வந்தது. அதற்குமேல் மூச்சு வரவில்லை. பதினோரு டேக்.

கூட நடித்த வீரபாண்டி நிஜத்திலேயே மூட்டை தூக்குகிறவர், தென்காசிப் பக்கம். பொறுத்துப் பார்த்தார்.

"பாய், எறக்கி வச்சுட்டுப் பேசுனா என்ன?"

"தலையிலதான் இருக்கணும். சீன் அப்படி."

"அப்ப இம்புட்டு பேச முடியாது. அம்பது கிலோவத் தலையில வச்சுக்கிட்டு ஒருத்தன் காலத்தப் பத்திப் பேசுனான்னா, நாங்க சோடா வாங்கிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவோம்."

"நீன்னா என்ன சொல்லுவ?"

"நகருன்னு சொல்லுவேன்."

டைரக்டர் ரயீசுக்கு அது பிடித்துப்போனது. நடிகர் ரயீசுக்குக் கழுத்து வலி, ஒரு சொல்லோடு முடிந்தால் சரி. தயாரிப்பாளர் ரயீசுக்குச் சாயங்காலம் வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கவலை. எழுத்தாளர் ரயீஸ் தனியாள். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 'நகரு' நிறைவேறியது.

அதன்பிறகு இதே கதைதான். கலப்படம் தெரியவரும் காட்சிக்கு மனசாட்சியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார். வீரபாண்டி மிளகாயை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சே திங்கக் குடுக்கோம்லா" என்றார். ரயீஸ் கட் சொல்ல மறந்தார். அன்று ராத்திரி நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவும் இல்லை.

கொச்சியிலேயே தேவராவில் ஒரு குறும்பட விழா நடந்தது. சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த நடிப்பு மூன்றும் ரயீசுக்கு. திரைக்கதை வசனத்துக்கு மட்டும் பரிசு யாருக்கும் இல்லை. நடுவர் குறிப்பில் இப்படி இருந்தது: 'எழுதிவைத்த வசனம் என்ற சுமையே இல்லாமல் எடுக்கப்பட்ட துணிச்சலான படம்.'

சுமை இல்லையா? நூற்றிருபது பக்க நோட்டைத் தூக்கிக்கொண்டு ரயீஸ் நடுவர்கள் அறைக்கு ஓடினார். மூச்சிரைக்க மேஜைமேல் போட்டார். நடுவர் இருவர். சென்னையிலிருந்து வந்த சுபாஷிணி புரட்டிப் பார்த்தார்.

"சார், இது மலையாளம். எனக்கு வாசிக்கத் தெரியாது."

பக்கத்தில் இருந்த கமலாக்ஷி டீச்சர் வாங்கிப் பார்த்தார். "வாயிக்காம். பட்சே ஒண்ணும் மனசிலாகுந்நில்ல." அவருக்கு எழுத்து தெரியும், தமிழ் தெரியாது.

முடிவில் வழி அவர்களே கண்டுபிடித்தார்கள். டீச்சர் வாசித்தார், சுபாஷிணி கேட்டார். பத்தொன்பது வருடத்தில் ரயீசின் எழுத்தை இரண்டு பேர் உட்கார்ந்து கவனித்தது அன்றைக்குத்தான். டீச்சர் நிதானமாக, ராமாயணம் வாசிக்கிற ராகத்தில், 'முகவரி தொலைத்த காலத்தை' முழுதாக வாசித்து முடித்தார்.

"சார், இது வேற படமாச்சே" என்றார் சுபாஷிணி. "நாங்க பார்த்த படத்துல இருந்த வரி, கடைசி ஒண்ணத் தவிர, எதுவும் இதுல வரலையே. 'நகரு', அப்புறம் அந்த 'தெரிஞ்சே திங்கக் குடுக்கோம்லா', அதெல்லாம் யார் எழுதினது?"

ரயீசுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம், நடத்துவது மொபைல் ரிப்பேர் கடை. ஆனாலும் அந்த நேரம் பார்த்து வாயில் உண்மை வந்துவிட்டது.

"வீரபாண்டி."

"அப்ப அவர் பேர் போடுங்க. நிறுத்தி வச்ச பரிச அவருக்கே குடுத்துடலாம்."

"கதை என்னுது மேடம்."

"டைரக்டர்கிட்ட கதை இல்லாம இருக்குமா சார்!"

பரிசளிப்பு நாளில் போட்ட பிரதியில் புதிதாக ஒரு கார்டு இருந்தது. 'எழுத்து: வீரபாண்டி'. தனிக் கார்டு. மூன்று வினாடி, குறைக்கவில்லை. நசீபா அந்த மூன்று வினாடியும் திரையைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வீரபாண்டி கடைக்கு வந்தார். சாயா வேண்டாம் என்றார், அதிலேயே ஏதோ விவகாரம் என்று தெரிந்தது.

"படம் நல்லாத்தான் இருக்கு பாய். கடைசில நீங்க காயலப் பாத்து, 'உப்புக் காற்றே, நீயே என் சாட்சி'ன்னு ஒண்ணு சொல்லுதீங்கள்ளா, நான் லீவு போட்டிருந்த அன்னைக்கு எடுத்தது?"

"அதுக்கென்ன?"

"ஒட்டல. எழுதுனவன்ங்கிற முறையில சொல்லுதேன், எடுத்திருங்க."

"அது ஒண்ணுதான்டா என்னுதுன்னு மிச்சம்!" ரயீசின் சத்தத்தில் எதிர்க்கடைப் பூனை எழுந்து போனது. "டைரக்டர் சொல்றேன், எடுக்க மாட்டேன்."

"சரி, உங்ககிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் வீரபாண்டி. "நான் தயாரிப்பாளர்கிட்டப் பேசிக்கிடுதேன்."

தயாரிப்பாளர் ரயீஸ் ஒரு போனின் பின்மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.