கொடிமரத்தடியில் விழுந்தது

அம்மா போன பிறகு அப்பா திருப்பரங்குன்றத்து வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகாத நான், ஷிப்டு வேலை என்பதால் கப்பலூரிலேயே கம்பெனி ரூமில் தங்கியிருந்தேன். அப்பா ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்ததும், சென்னையில் இருக்கும் தங்கை வந்து அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டாள். நாடி, நடை, தூக்கம் எல்லாம் எங்கள் இருவர் போனுக்கும் வந்துவிடும். அவர் விழுந்தால், பட்டை விற்ற கம்பெனியிலிருந்து அந்தப் பட்டை வழியாகவே கூப்பிட்டுப் பேசுவார்கள்.

"இன்னொரு தடவை விழுந்தீங்க, சென்னைக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மலையைப் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலையில் இருந்தபோது என் போன் அலறியது. அப்பா விழுந்துவிட்டார், அசைவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்திருந்தது. சூப்பர்வைசரிடம் போனை நீட்டிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியிலேயே பட்டைக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, கோயிலுக்கு வரச் சொன்னார்கள்.

கோயில் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்துப் பூக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"கொடிமரத்துக்கிட்ட விழுந்து கும்பிட்டேன்டா. பட்டையில ஒரு புள்ள, 'ஐயா, விழுந்துட்டீங்களா?'ன்னு கேட்டுச்சு. 'ஆமாம்மா, விழுந்தேன்'னேன். 'எங்க விழுந்தீங்க?'ன்னுச்சு. 'முருகன் முன்னாடிதான். வேற எவன் முன்னாடி விழப்போறேன்'னேன். அதுக்குப் போயி வண்டிய அனுப்பிருச்சு."

"அண்ணே, இனிமே இவர நின்னுக்கிட்டே கும்பிடச் சொல்லுங்க" என்று டிரைவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

வீட்டுக்கு வண்டியில் போகும்போது கேட்டேன். "அசைவே இல்லன்னு வந்துச்சேப்பா. அம்புட்டு நேரம் என்னத்த வேண்டுனீங்க?"

பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டுறதெல்லாம் அப்பவே முடிஞ்சிருச்சு. எந்திரிக்க முடியலடா. முழங்கால் பிடிச்சுக்கிருச்சு. ரெண்டு பேரு வந்து தூக்கி விட்டாங்க. பாப்பாகிட்ட சொல்லிராத."

வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை கூப்பிட்டாள். நான் போனில் பேசத் தெரியாதவன். நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அன்று அப்பா போனை வாங்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறைக்காம சொல்லுண்ணே, விழுந்தாரா?"

"விழுந்து கும்பிட்டாரு."

அவள் சிரித்துவிட்டாள். அதோடு வைத்திருக்கலாம்.

"ஆனா, அவரா எந்திரிக்க முடியல. முழங்கால் பிடிச்சுக்கிருச்சு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ரூமைக் காலி பண்ணிட்டு நான் இங்கேயே வந்துர்றேன். அங்க கொண்டுபோயி அவர அடைக்க வேணாம் பாப்பா. அவர் இங்கேயே இருக்கட்டும்."

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நீ இம்புட்டுப் பேசுவியாண்ணே?" என்றாள். பிறகு, "சரி, இருக்கட்டும். டாக்டர் என்ன சொல்றாருன்னு நீயே கூப்பிட்டுச் சொல்லு."

போனை வைத்ததும் அப்பா முறைத்தார். "சொல்லாதன்னேன்ல?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், இன்னொரு கட்டிலில் குவிந்து கிடந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தார்.

"ஃபேனுக்குக் கீழ என் கட்டில்தான். இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றார்.