ரஷ்யா என்று சொன்னது யார்?

அந்தக் கட்டடத்தில் பதினொரு மாடிகள், ஒரே ஒரு லிஃப்ட். பழைய வகை. கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். அதை ஓட்டுவதற்கென்று ஓர் ஆள் வேண்டியிருந்ததால் அவளுக்கு வேலை இருந்தது. பத்தொன்பது வருடமாக மூலையில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் ஒன்பதாம் மாடியில் ஒரு புத்தக விநியோகஸ்தர் இருந்தார். அட்டை கிழிந்து, மூலை மடங்கித் திரும்பி வந்த பொது அறிவுப் புத்தகங்களையெல்லாம் அவளிடம் தள்ளிவிடுவார். ஆள் ஏறாத நேரத்தில் படிப்பாள். படித்தது எதுவும் அவள் தலையை விட்டு இறங்காது. வீட்டில் டிவி வினாடி வினா ஓடினால், நடத்துபவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பார்சல் வேன் ஓட்டும் அவள் கணவர், "கொஞ்சம் பொறுடி, அந்த ஆளு கேட்டு முடிக்கட்டும்" என்று அலுத்துக்கொள்வார்.

ஆறாம் மாடி இன்சூரன்ஸ் அலுவலகத்தின் மேனேஜருக்கும் அந்த நிகழ்ச்சி என்றால் உயிர். ஜோடியாகத்தான் கலந்துகொள்ள முடியும். அவர் முதலில் தன் மனைவியின் பெயரைத்தான் எழுதியிருந்தார். லிஃப்ட்காரம்மாவுக்கு இருக்கும் விஷய ஞானத்தைப் பார்த்ததும் மனைவி பெயரை அடித்துவிட்டு இவள் பெயரை எழுதினார்.

அரையிறுதி வரை போனார்கள். பாதிக்கு மேல் பதில் இவளுடையது. ஆனால் அந்த நிகழ்ச்சியில் ஜோடியின் தலைவருக்கு மட்டும்தான் மைக். இவள் காதில் சொல்வாள், அவர் உரக்கச் சொல்வார், கைதட்டல் அவருக்கு விழும். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. கடைசிக் கேள்வி வந்தது: உலகிலேயே அதிக நேர மண்டலங்கள் உள்ள நாடு எது?

"பிரான்ஸ்," என்றாள் அவர் காதில். "தீவுகளையும் சேத்தா பன்னெண்டு சார்."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. மைக்கில் "ரஷ்யா" என்றார்.

பதில் பிரான்ஸ்தான். தோற்றார்கள்.

அது டிவியில் ஒளிபரப்பானதற்கு மறுநாள் காலை அவர் லிஃப்டில் ஏறும்போது உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர், "சார், ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டீங்களே?" என்று கேட்டார்.

"நான் என்ன பண்றது? எனக்குப் பிரான்ஸ்னு தோணுச்சு. இந்தம்மாதான் காதுல ரஷ்யா, ரஷ்யான்னு நச்சரிச்சாங்க. சரி, பாவம், ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்னு..."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு ஆறாம் மாடிப் பொத்தானை அழுத்தினாள். டிவியில் எல்லோரும் பார்த்தது அவள் அவர் காதில் ஏதோ சொன்னதையும் அவர் தப்பாகச் சொன்னதையும்தான். யார் நம்புவார்கள்?

அன்றிலிருந்து அவள் பெயர் ரஷ்யா. "ரஷ்யாக்கா, நாலாவது மாடி" என்றார்கள். கூரியர் கொண்டுவருபவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் சம்பாதித்த மரியாதை ஒரே வாரத்தில் காற்றில் போனது. "விட்டுத்தொலைடி, வேலையைப் பாரு" என்றார் கணவர். அவள் விடவில்லை. ஒரு புது நோட்டு வாங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் ஏறியதும், "சார், உங்ககிட்ட ஒரு சந்தேகம்" என்றாள் பணிவாக. "செவ்வாய்க் கிரகத்துக்கு எத்தனை நிலா?"

"ரெண்டு," என்றார் அவர் பட்டென்று. சுற்றி நின்றவர்கள் ஆஹா என்றார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தினமும் ஒரு கேள்வி என்று அதுவே வழக்கமாகிவிட்டது. நாலு பேர் முன்னால் கேட்கும்போது முடியாது என்று சொல்ல அவர் கௌரவம் விடவில்லை.

அவர் ஆறாம் மாடியில் இறங்கியதும் அவள் நோட்டை எடுப்பாள். தெரிந்ததற்கு ஒரு கோடு, தெரியாததற்கு ஒரு சுழி. நதிகள், கோள்கள், விளையாட்டு, போர்கள் எல்லாவற்றிலும் ஆள் கெட்டிதான். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் சுழியாக விழுந்தது.

"சார், குழந்தை பிறக்கும்போது எலும்பு அதிகமா, வளர்ந்தப்புறமா?"

"இதென்ன கேள்வி? வளர்ந்தப்புறம்தான்."

"இல்ல சார், பிறக்கும்போதுதான். அப்புறம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனித உடலைப் பற்றி நாற்பத்தொரு கேள்வி கேட்டிருந்தாள். முப்பத்துநாலு சுழி. யார் வீட்டுக்கு விபத்துப் பணம் தரலாம், கூடாது என்று முடிவுசெய்கிற மனிதருக்கு உடம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

போட்டி முடிந்து ஒன்றரை வருடம் ஆன பிறகு, ஒரு நாள் மதியம் அவருடைய மனைவி வந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருப்பவள். அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்திருந்தாள். லிஃப்டில் இரண்டு பேர்தான். மூன்றாம் மாடி தாண்டும்போது, "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "நீங்க பிரான்ஸ்னுதான் சொன்னீங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. வெளியே மூச்சு விடக்கூடாதுன்னும் சொன்னாரு."

அவள் லிஃப்டை நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"பயம்தான். ஆனா இப்ப திரும்பவும் அந்தப் போட்டிக்குப் போறாரு, ஒரு லெக்சரரைச் சேத்துக்கிட்டு. நான் வரேன்னு சொன்னேன். 'உனக்குப் பல்லு எத்தனைன்னாவது தெரியுமா?'ன்னு கேக்குறாருக்கா. பல் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவளைப் பார்த்து!"

மேலே யாரோ மணியை விடாமல் அழுத்தினார்கள். அவள் காதில் வாங்கவே இல்லை. "தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"முப்பத்திரண்டு. பால்பல்லுன்னா இருபது. எந்த வயசுல எது விழும், எல்லாம் தெரியும்."

"அப்ப பேரைக் கொடுங்க. நாம ரெண்டு பேரும் போவோம்."

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், மூடிய பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் உட்கார்ந்து படித்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள் மனைவி. என்ன கிளாஸ், எங்கே என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போட்டியில் இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவையும் தனித்தனி நாளில் படம்பிடித்தார்கள், ஒளிபரப்பு பிறகுதான். அதனால் இறுதிப்போட்டி அன்று மேக்கப் அறைக் கண்ணாடியில்தான் மேனேஜர் அவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தார். பவுடர் பூசிய முகம் அப்படியே உறைந்துபோனது.

"நீ எங்க இங்க?" என்றார் மனைவியிடம்.

"கிளாஸுக்கு வந்திருக்கேன்," என்றாள் அவள்.

இந்த வருடம் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். நான்கு பேருக்கும் மைக், ஆனால் தலைவர் சொல்வதைத்தான் பதிலாக ஏற்பார்கள். கடைசிச் சுற்றில் முந்தி நிற்கும் ஜோடி, எதிர் ஜோடிக்கான தலைப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. பெண்கள் ஒரே ஒரு கேள்வி வித்தியாசத்தில் முந்தி இருந்தார்கள். அவர் சரியாகச் சொன்னால் சமம். பலகையில் எட்டுத் தலைப்புகள் மின்னின.

"மனித உடல்," என்றாள் லிஃப்ட்காரம்மா. யோசிக்கக்கூட இல்லை. மேனேஜர் அவளைப் பார்த்தார். தினமும் காலையில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

கேள்வி: உடலில் ரத்தக்குழாய் இல்லாமல், காற்றிலிருந்தே பெரும்பாலும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் பகுதி எது?

லெக்சரர் சாய்ந்து, "கண்ணு. கண்ணோட முன்பக்கப் படலம்" என்றார். மேனேஜர் தலையை ஆட்டி மறுத்தார். அதே சிரிப்பு. "நகம்," என்றார்.

"தவறு. கண்ணின் முன்படலம், கார்னியா."

"நான் கண்ணுன்னுதானே சொன்னேன்!" லெக்சரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "எல்லாரும் கேட்டீங்கல்ல? கண்ணுன்னு சொன்னேனா இல்லையா?"

அரங்கமே சிரித்தது. எல்லோருக்கும் கேட்டிருந்தது. கோப்பையைக் கையில் கொடுத்த, நிகழ்ச்சி நடத்துபவர், லிஃப்ட்காரம்மாவிடம் ஏதாவது சொல்லுங்கள் என்றார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல நான் பிரான்ஸ்னு சொன்னேன்," என்றாள். "அப்ப எனக்கு மைக் இல்ல."

பக்கத்தில் நின்ற மனைவி தன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா. அது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்" என்றாள்.

அது அப்படியே ஒளிபரப்பானது. கோப்பையோடு ஆளுக்கு ஒரு வாஷிங் மெஷினும் வந்தது. மேனேஜர் வீட்டில் அந்த மெஷினை இப்போது அவர்தான் ஓட்டுகிறார் என்று மனைவி போனில் சொன்னாள். கட்டடத்தில் ரஷ்யா என்ற பெயர் மேனேஜருக்குப் போய்விட்டது. அவர் லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டு ஆறு மாடியும் படியில் ஏறினார். தினமும் காலையில் அவர் வாசலில் நுழையும்போது அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க சார், இடம் இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு படிப்பக்கம் போய்விடுவார்.

"போதும்டி, பாவம்டி அந்த ஆளு" என்றார் கணவர்.

"ஏறச் சொல்லித்தானே கூப்பிடுறேன்?"

நான்கு மாதம் கழித்து அவர் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி நாள் இரண்டு கனமான அட்டைப்பெட்டிகள் இருந்ததால் படியில் இறங்க வழியில்லை. சாயங்காலம் கூட்டமெல்லாம் போனபிறகு மணி அடித்தார். லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும். இரண்டாம் மாடி கடக்கும்போது, மெல்லிய குரலில், "மன்னிச்சிடுங்கம்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

தரைத்தளம் வந்ததும் அவள் கம்பிக் கதவை முழுதாக இழுத்துத் திறந்தாள். அவர் ஒவ்வொரு பெட்டியாக வெளியே வைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதை அன்னைக்கு, ஏழெட்டுப் பேர் இருந்தப்ப சொல்லியிருக்கணும் சார்," என்றாள்.

ஐந்தாம் மாடியிலிருந்து மணி அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனாள்.