செவலைக்குப் பனம்பழம்

மழை பொய்த்த அந்த வருஷம், பாடாலூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வியாபாரி கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மாட்டேன் என்றார். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. அதுவும் சினை.

"மழை வர்ற வரைக்கும் இத உசுரோட இழுத்துப் புடிச்சிட்டாப் போதும் புள்ள" என்பார். எதைப் போட்டு இழுத்துப் பிடிப்பதாம்? வைக்கோல் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. கரும்புத் தோகைக்காக எறையூர் வரை போனவர் வெறுங்கையோடு வந்தார்.

ஆவணி பிறந்ததும் ஏரிக்கரைப் பனைகளில் பழம் விழத் தொடங்கியது. ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி வந்து வாசலில் கொட்டினார்.

"மாட்டுக்கு விருந்தா? கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு பழம் சுட்டுக் குடுத்ததில்ல" என்று வாயடித்தேன். ஆனால் வேலை என் தலையில்தான் விழுந்தது. தோலை உரித்து, கொட்டையைப் பிரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சாறும் சக்கையும் தோலுமாகத் தவிட்டில் புரட்டி வைப்பேன். முதல் நாள் முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிய செவலை, பிறகு தொட்டியையே நக்கிப் பளபளப்பாக்கியது. துருத்திய விலா எலும்பு மெல்ல மறைந்தது. கொட்டை தொண்டையில் சிக்கினால் மாடு பிழைக்காது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் கொட்டைகளை ஒன்று விடாமல் அவரே பொறுக்கிப் போய்க் கிழங்குக்காகக் கொல்லையில் புதைத்துவிடுவார்.

புரட்டாசிக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. சில நாளில் ஏரிக்கரை முழுக்கப் பச்சை பிடித்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே வயிறாரப் புல்லுத் திங்கட்டும்" என்று அங்கே ஓட்டிப் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

செவலை புல்லில் வாயே வைக்கவில்லை. அதை மிதித்துக்கொண்டு நேரே பனையடிக்கு ஓடியது. அங்கே ஒரு பழம் விழுந்து கிடந்தது. நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் அதைக் கடித்துக் குதறி, ஒரு கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டது.

கழுத்தை நீட்டி நீட்டி இருமியது. எச்சில் நூலாக ஒழுகியது. அவர் முழங்கை வரை வாய்க்குள் விட்டுத் துழாவினார். கொட்டை விரலில் பட்டுப் பட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஓர் ஆள் சைக்கிளை மிதித்தான். அதற்குள் வயிறு உப்பி, செவலை பக்கவாட்டில் சாய்ந்தது. சினையும் அதோடு போயிற்று.

என்னால் தாங்க முடியவில்லை. சேற்றில் உட்கார்ந்து செத்த மாட்டையே திட்டினேன். "இம்புட்டுப் புல்லு கெடக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

"அத ஏன் திட்டுற? ருசி காட்டுனது நாமதான" என்றார் அவர்.

பிறகு குனிந்து, காலடியில் இருந்த புல்லை ஒரு பிடி பிடுங்கி அதன் வாயோரம் நீட்டினார்.

"ஏங்க, அது போயிருச்சுங்க" என்றேன்.

"தெரியும் புள்ள" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.