மூன்று கோட் பெயிண்ட்

நேரில் பார்த்தால் இன்றைக்கும் அவனை சார் என்றுதான் கூப்பிடுவேன். இங்கே எழுதும்போது அவன்தான். அதற்கு மேல் மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மரக்காணத்தில் உப்பளங்களுக்குப் போகும் பாதையில் இருக்கிறது அந்தப் பட்டறை. சிறிய விமானங்களில் கேமரா பொருத்திக் கொடுக்கும் வேலை. விமானத்தின் அடியில் கேமரா, பைலட்டுக்கு முன்னால் திரை, இரண்டுக்கும் நடுவில் கேபிள். கேபிள் கட்டுவது என் பொறுப்பு. மொத்த வேலைக்கும் அவன் பொறுப்பு. அவனும் நானும் ஒரே ஊர், ஒரே படிப்பு. அவன் எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கரையோரத்தை மேலிருந்து படம் எடுக்கிற ஒரு விமானத்துக்கு ஆர்டர் வந்தது. விமானத்தின் உடல் மாதிரி ஒன்றைப் பட்டறையிலேயே அலுமினியத்தில் செய்து, கேமரா, திரை, ரேடியோ எல்லாவற்றையும் அதில் மாட்டிப் பார்த்தோம். படம் அருமையாக வந்தது. ரேடியோவில் பேசுவதற்கான பட்டனை அழுத்தியதும் படம் சதுரம் சதுரமாக உடைந்து திரையே கறுத்துப் போனது. பட்டனை விட்டால் மறுபடியும் படம். டிஜிட்டல் அப்படித்தான். பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியாக மங்கி முன்கூட்டியே சொல்லாது. தாங்குகிற வரை தாங்கிவிட்டு ஒரேயடியாகப் போய்விடும்.

"கேபிள்லதான் கோளாறு சார். அந்தப் பொண்ணு கனெக்டர் ஒழுங்கா போடலை" என்று அவன் முதலாளியிடம் சொன்னான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேபிளைக் கழற்றினான், எல்லார் கண்ணெதிரிலும் கட்டரால் இரண்டாக வெட்டினான், குப்பைத்தொட்டியில் போட்டான். வெட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

புதுசாகக் கட்டினேன். கேபிளின் உள்ளே இருக்கும் செம்புப் பின்னல், முனையில் மாட்டும் கனெக்டரைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் கவ்வும்படி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அப்போதும் படம் உடைந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பைலட் வந்து பாக்கும்போதும் இப்டியே இருந்துச்சுன்னா கேபிள் வேலைய வெளிய குடுத்துடுவேம்மா. அப்புறம் நீ இங்க இருந்து இன்னா பண்ணப் போற?"

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனபோது மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு முனையைக் கனெக்டரில் வைத்தேன், இன்னொரு முனையை விமானத்தின் உடலில் இருந்த ஒரு போல்ட்டில் வைத்தேன். மின்சாரம் பாய வழி இருந்தால் மீட்டர் கத்தும். சத்தமே இல்லை. கனெக்டரும் உடலும் உலோகம், இரண்டும் ஒட்டித்தான் இருக்கின்றன, ஆனால் தொடவில்லை. உடலோடு திருகியிருந்த கனெக்டரைக் கழற்றினால் அடியில் வழவழவென்று பெயிண்ட். நகத்தால் சுரண்டி முனையை வைத்தேன். மீட்டர் கத்தியது.

எங்கள் பக்கத்தில் வெறும் உலோகத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும், அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிடும். கேட், மோட்டார் செட், சைக்கிள் எல்லாவற்றுக்கும் பெயிண்டோ கிரீஸோ பூசிய பிறகுதான் மற்ற வேலை. அவனும் அதைத்தான் செய்திருக்கிறான். கனெக்டர் உட்காரும் வட்டத்தையும் விடாமல் பூச வைத்திருக்கிறான். ரேடியோவின் இரைச்சல் கேபிளின் செம்புப் பின்னல் வழியாக விமானத்தின் உடலுக்குள் இறங்கிவிட வேண்டும். பெயிண்ட் வழியை அடைத்ததால் அது படத்துக்குள் நுழைந்தது. இது அவனுக்குத் தெரியாத பாடம் இல்லை. ஊர்ப் பழக்கம் படிப்பை முந்திக்கொண்டது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அதன் பிறகு அவன் பட்ட பாட்டைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கேபிளைச் செம்பு நாடாவால் சுற்றினான். குழந்தைக்குத் தாயத்து கட்டுவதுபோல நெடுக, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களை மாட்டினான். ரேடியோவை நகர்த்தினான். பட்டனை அழுத்தினால் திரை கறுப்பு. நான் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். அந்த ஒரு வாரம் குடித்த டீக்கு இருந்த ருசி வேறு எந்த டீக்கும் இருந்ததில்லை.

பைலட் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். முதலாளியும் கூட நின்றார். நான் அவனிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டேன்.

"சார், பெயிண்ட் வேலையப் பத்தி மேடத்துக்குச் சொல்லுங்களேன்."

அவன் முகம் மலர்ந்தது. "எங்க ஊரு உப்புக் காத்து பத்தி உங்களுக்குத் தெரியாது மேடம். நானே கூட நின்னு மூணு கோட் அடிக்க வச்சேன். ஒரு இடம் பாக்கி இல்ல."

"இந்த எடத்துலயுமா சார்?" கனெக்டரைக் கழற்றிக் காட்டினேன். அவன் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டான். முகத்தில் ரத்தம் வற்றியது. நான் நிறுத்தவில்லை. கத்தியால் அந்த வட்டத்தைச் சுரண்டினேன், துடைத்தேன், கனெக்டரை இறுக்கினேன்.

"இப்ப பட்டன அழுத்துங்க சார்."

அழுத்தினான். படம் அசையவில்லை.

"இன்னொரு தடவ அழுத்துங்க."

மறுபடியும் அழுத்த வைத்தேன். மறுபடியும். முதலாளி போதும் என்கிற வரை விடவில்லை.

"எப்பம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று பைலட் கேட்டார். இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவன் காதில் விழ வேண்டுமே.

"போன வாரமே தெரியும் மேடம்" என்றேன், அவனைப் பார்த்துக்கொண்டு.

பைலட் முதலாளி பக்கம் திரும்பினார்.

"இவரு தெரியாம பண்ணிட்டாரு, இனிமே பண்ண மாட்டாரு. இவங்க தெரிஞ்சும் ஒரு வாரம் சும்மா இருந்திருக்காங்க. இவங்க கட்டின கேபிள நம்பி நான் மேல போக மாட்டேன்."

முதலாளிக்கு ஆர்டர் முக்கியம். அந்த மாதத்தோடு என்னை நிறுத்தினார். கேபிள் வேலையும் அவன் கைக்கே போனது.

இப்போது கூனிமேட்டில் கடைகளுக்கு சிசிடிவி மாட்டுகிறேன். பட்டறையில் கூட வேலை பார்த்த பெண் எப்போதாவது போன் செய்வாள். நான் காட்டிய இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி, கனெக்டரை இறுக்கிய பிறகு வெளி ஓரத்தில் மட்டும் அவன் பெயிண்ட் பூசுகிறானாம். படம் உடைவதே இல்லையாம். பைலட் சொன்னது அநியாயம் என்று அவளிடம் வாய் ஓயாமல் திட்டுவேன்.

அந்த விமானம் அடிக்கடி உப்பளங்களின் மேல் தாழப் பறக்கிறது. ஏணியில் நின்றபடி நிமிர்ந்து பார்ப்பேன். உள்ளே அந்தப் பைலட் இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரே ஒரு தடவை அந்தத் திரை கறுத்துப் போகாதா என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.