துணை ஜனாதிபதி பங்களாவில் ஓர் உப்புப் பானை

வாலிநோக்கம் பஸ்ஸில் ஏறி, 'வைஸ் பிரசிடெண்ட் பங்களா' என்று கேட்டால் இன்றைக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். எந்தத் துணை ஜனாதிபதி, எப்போது தங்கினார் என்று மட்டும் கண்டக்டரிடம் கேட்கக் கூடாது. அவர் அப்போது டவுசர் போட்ட சின்னப் பையனாக இருந்திருப்பார், பாவம்.

உப்பளத்தை மேற்பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரைக்காகக் கட்டிய பங்களா அது. துரை போன பிறகு அரசு விருந்தினர் விடுதியானது. அய்யா அங்கே வாட்ச்மேன், சமையலும் அவர்தான். பின்பக்கம் ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் அய்யா, அம்மா, ஒரே மகள் நான். அம்மா சிறுமியாக இருந்தபோது இலங்கையிலிருந்து படகில் வந்தவள். மண்டபம் முகாமில், சேலையைத் தடுப்பாகக் கட்டிய அறையில் வளர்ந்தவள். பங்களாவுக்குள் கூட்டிப் பெருக்க மட்டும் போவாள்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ராமேஸ்வரம் வரும் துணை ஜனாதிபதி உப்பளத்தையும் பார்த்துவிட்டு எங்கள் பங்களாவில் ஓர் இரவு தங்கப் போவதாகச் செய்தி வந்தது. பங்களாவுக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. ஏசி வந்தது, வாசல் வரைக்கும் தார் ரோடு வந்தது. போலீஸ் பந்தலுக்கு இடம் வேண்டுமென்று எங்கள் அறையை மட்டும் இடித்தார்கள். வேலைகளைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் நல்ல மனுஷன்.

"அவரு வந்துட்டுப் போறவரைக்கும் பங்களாவுக்குள்ளயே ஒரு ஓரமா இருந்துக்கங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே சட்டிமுட்டியோடு உள்ளே போனோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் போட்டு அணைத்தேன். அய்யா வாசலில் பெயிண்டர்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா சின்ன மண்பானை நிறையக் கல்லுப்பைப் போட்டு, மஞ்சள் கிழங்கு ஒன்றைச் செருகி, துணியால் வாயைக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்துப் பெரிய அறைக்குள் போனாள். சுவர் அலமாரியில் அதை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் பாதுகாப்புக்காரர்கள் நாயோடு வந்தார்கள். அலமாரியில் வாய் கட்டிய பானை. அவ்வளவுதான், எல்லோரையும் உப்பளத்து வரப்புக்கு விரட்டினார்கள். நாய் பானையை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. நீளக் கம்பால் துணியை விலக்கிப் பார்த்தால் கல்லுப்பு. உப்பளத்து ஊரில் உப்பைப் பார்த்து அவ்வளவு பேர் ஓடியது அன்றைக்குத்தான்.

பெரிய அதிகாரி அய்யாவைக் கூப்பிட்டார். "என்னய்யா இது?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அய்யா. அவர் வேலையும் நாங்கள் படுக்கிற இடமும் அந்தப் பானையில்தான் இருந்தன. நான் அழ ஆரம்பித்தேன்.

அம்மா முன்னால் வந்தாள். "நான்தான் வைச்சனான் ஐயா. வாறவருக்கு நல்லது நடக்கட்டும் எண்டு வைச்சன்."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, பானையை வெளியே கொட்டச் சொன்னார். அய்யாவின் வேலை தப்பியது.

மறுநாள் துணை ஜனாதிபதி வரவில்லை. பயணத்தில் ஏதோ மாற்றமாம். ராமேஸ்வரத்திலிருந்து நேரே டெல்லிக்குப் போய்விட்டார். ஊர் விடுமா?

"ஒன் பொண்டாட்டி உப்ப வச்சுல்லப்பா ஆள வெரட்டிருச்சு" என்று டீக்கடையில் அய்யாவை வெகுகாலம் ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய மனிதருக்காக ஜோடித்த வீட்டில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கலாமா என்று ஒரு வாரத்தில் எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். இடித்த அறையைத் திரும்பக் கட்டவில்லை. ஊருக்குள் வாடகைக்குப் போனோம். எட்டிக்கூடப் பார்க்காதவரின் பெயர் பங்களாவுக்கு நின்றுவிட்டது.

எனக்கோ ஒரே பெருமை. துணை ஜனாதிபதிக்கே உப்பு வைத்தவள் என் அம்மா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். கல்லூரியிலும் சொன்னேன், கல்யாணமான பிறகும் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன தை மாதம் ராமநாதபுரத்தில் வீடு கட்டிக் குடிபோனோம். முதலில் உள்ளே கொண்டு போகச் சொல்லி, ஆசையாக உப்புப் பானையை அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வீட்டில இருக்கப் போறவதான் உப்புக் கொண்டு போகோணும். விருந்துக்கு வாற ஆக்களுக்கு என்னத்துக்கு உப்பு? நீ கொண்டு போ."

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றுவிட்டேன். அன்று பங்களாவுக்குள் அம்மா வலது காலை எடுத்து வைத்தது கண்முன்னே வந்தது. அவளுக்கு அது குடிபோன நாள். சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.