பழையகாயலில் வந்த விசா அழைப்பு

வெளிநாட்டில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகம் மாறினால் மறுபடி விசா கிடைக்குமா? போன மாதம் இதே கேள்வியோடுதான் நான் அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுதும் தெம்பு எனக்கு இருந்திருக்காது.

நியூசிலாந்தில் சிப்பிக் குஞ்சுகளுக்கு வரும் நோய் பற்றி இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தேன். பிறகு அதே நாட்டில் வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. என் விசாவில் பழைய இடத்தின் பெயர் இருந்ததால் புதிதாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நடுவில் ஊருக்கு வந்திருந்ததால் இங்கிருந்தே ஆன்லைனில் விண்ணப்பித்தேன். மூன்று வாரம் கழித்து, போலீஸ் சான்றிதழ் பழையதாகிவிட்டது, புதிது வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. அதற்காகத்தான் தூத்துக்குடி தபால் நிலையத்தில் இருக்கும் பாஸ்போர்ட் மையத்தில் காலை ஒன்பதரைக்கு நேரம் வாங்கியிருந்தேன்.

எங்கள் சொந்த ஊர் நாசரேத். அம்மா ஆலந்தலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை என்பதால் திருச்செந்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். அங்கிருந்து தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம், சில நாள் கூடக் கால் மணி. காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் வலது பக்கம் உட்காருங்கள். ஆறுமுகநேரி தாண்டியதும் உப்பளங்கள் தெரியும். ஆனால் வெயிலும் அந்தப் பக்கம்தான்.

ஆத்தூர் நெருங்கும்போது போன் அடித்தது. எண் தெரியவில்லை. எடுத்தால் நியூசிலாந்து விசா அதிகாரி. சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் பஸ்ஸில் வைத்துப் பிடிப்பார்கள் என்று நினைக்கவில்லை. பின்னால் ஸ்பீக்கரில் பாட்டு, முன்னால் ஹாரன். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"பல்கலைக்கழகம் ஏன் மாறுகிறீர்கள்?" என்று அந்தப் பெண் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "என் ஆராய்ச்சி ஆர்வம் மாறிவிட்டது."

"இரண்டு இடத்திலும் ஒரே தலைப்புதானே இருக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் முக்காணிப் பாலத்தில் ஏறியது. லைன் அறுந்துபோனது. திருப்பிக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்குப் போகவில்லை. பொய்யில் மாட்டிக்கொண்டவள் போனைத் துண்டித்துவிட்டாள் என்றுதானே அவர் நினைப்பார்?

"யாருளா?" என்றார் அம்மா. சொன்னேன். உடனே எழுந்து கண்டக்டரிடம் போனார். "தம்பி, பழையகாயல்ல எறக்கி விட்டுரும். புள்ளைக்கு முக்கியமான போன் வருது."

"தூத்துக்குடிக்கில்லா டிக்கெட் எடுத்திருக்கிய?"

"பரவால்ல. அடுத்த பஸ்ல வாரோம்."

பழையகாயலில் ரோட்டோரம் ஒரு டீக்கடை. உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் நாலு பேர். அம்மா கடைக்காரரிடம் கேட்டார். "அண்ணாச்சி, ரேடியோவக் கொஞ்சம் அமத்துதியளா? நியூசிலாந்துல இருந்து போன் வருது."

"நியூசிலாந்தா? கிரிக்கெட்டாம்மா?"

"விசா அண்ணாச்சி."

அவர் ரேடியோவை அணைத்துவிட்டு பெஞ்சைப் பார்த்தார். "ஏலே, சத்தம் போடாதிய."

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏன் மாறுகிறேன் என்பது அம்மாவுக்கும் தெரியாது. கைடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால்கூடச் சமாளித்திருக்கலாம். தள்ளிப் போய் நின்று பேசலாம் என்றால், கடை வாசலைத் தாண்டினாலே சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கியது. டீ ஆறிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கும், மறுபடி போன் அடித்தது.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தே பேசினேன். எட்டு மாதத்துக்கு முன்பு, இரண்டாம் வருடக் கடைசியில், கைடு என்னைக் கூப்பிட்டு, உனக்கு பிஎச்.டி. ஒத்துவராது, இதுவரை செய்ததை வைத்து எம்.ஃபில். வாங்கிக்கொண்டு ஊருக்குப் போ என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் தரவுகளை எடுத்துக்கொண்டு வேறொரு பேராசிரியரிடம் போனேன். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு, இதே தலைப்பை என்னிடம் செய் என்றார். அவ்வளவுதான் நடந்தது. மேடம், ஆர்வம் மாறவில்லை. முதலில் சொன்னது தவறு என்றேன்.

"பழைய பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் 'முன்னேற்றம் திருப்தி இல்லை' என்று இருக்கிறது."

"தெரியும். அதை விண்ணப்பத்தோடு இணைத்ததே நான்தான். விளக்கக் கடிதத்தில் எழுத மட்டும் தைரியம் வரவில்லை."

கொஞ்ச நேரம் டைப் செய்யும் சத்தம். பிறகு ஆராய்ச்சி பற்றி, படித்து முடித்து என்ன செய்வாய் என்பது பற்றிக் கேட்டார். முத்துச்சிப்பி எடுத்த கடல் எங்களுடையது, இங்கே சிப்பி வளர்க்கும் பண்ணைகளில் வேலை செய்ய ஆசை என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அம்மா கடைக்காரரிடம் எனக்கு இன்னொரு டீ சொன்னார். அடுத்த பஸ் வந்ததும் ஏறினோம். முள்ளக்காடு தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"எட்டு மாசமா இத உள்ளுக்குள்ளயே வச்சிக்கிட்டா அலைஞ்ச?"

"ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சேன்மா."

"எனக்கென்னளா வெக்கம்? அந்தாளுக்கில்லா இருக்கணும்!"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்ததைப் பார்த்தேன். நானும் அழுதேன். பஸ்ஸில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் தபால் நிலையம் போய்ச் சேர்ந்தபோது கால் மணி நேரம் தாமதம். வரிசை நீளமாக இல்லை, உள்ளே விட்டார்கள். பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, போட்டோ எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். இந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் கால் கிலோ வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கப்பல்களைப் பார்த்தபடி இரண்டு பேரும் பொட்டலத்தைக் காலி செய்தோம். எனக்கு அப்படிப் பசித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

இதே வழியில் போகிறவர்களுக்கு: விண்ணப்பித்த நாளிலிருந்து காலை ஆறு மணிக்கே போனில் சார்ஜ் இருக்கட்டும். அவர்களுக்கு அப்போது மதியம். போலீஸ் சான்றிதழ் ஆறு மாதத்தை நெருங்கினால் கேட்பதற்கு முன்பே புதிதாக எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, ஏன் மாறுகிறீர்கள் என்பதை விளக்கக் கடிதத்தில் நேராக எழுதுங்கள். பழைய கைடு சொன்னதையும் எழுதுங்கள், புதியவர் ஏன் சேர்த்துக்கொண்டார் என்பதையும் எழுதுங்கள். அழகான காரணம் எதுவும் தேட வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே அது நொறுங்கிவிடும், நான் நொறுங்கினேன்.

சான்றிதழ் கைக்கு வந்து, அதை அனுப்பிய இரண்டு வாரத்தில் விசா மின்னஞ்சலில் வந்தது. அன்று சாயங்காலம் அம்மாவோடு காய்கறி வாங்கப் போனேன். காய்கறிக் கடை அண்ணாச்சி வழக்கம்போல, "மக படிப்ப முடிச்சிட்டாளா டீச்சர்?" என்றார். நான் கத்திரிக்காய்க் கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"இல்ல அண்ணாச்சி. மொதல்ல படிச்ச எடத்துல ஒனக்குச் சரிவராதுன்னுட்டாங்க. இவ விடல. வேற எடத்துல சேந்திருக்கா" என்றார் அம்மா. குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.