சேர்பியத் தூதரின் கவிதையும் மேல்தட்டு மெழுகுவர்த்தியும்

வன்னியில் போர் முடிந்த அந்தக் கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவின் கிழக்கில் நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து அதன் மேற்குக் கோடிக்குப் போனோம். என் மனைவி வசந்தியோடு வேலை செய்யும் மிலேனா, தங்கள் சேர்பியத் தேவாலயத்தில் நடக்கும், தங்கள் கவிஞர் ஒருவரின் நினைவு விழாவுக்கு அழைத்திருந்தார். ஆங்கிலம் வழியாக வசந்தி தமிழாக்கிய அவருடைய கவிதை ஒன்றை அங்கே அவள் வாசிக்க வேண்டும். போர் முடிந்த நாளிலிருந்து அங்கே இருந்த அவளுடைய தம்பி ரவியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பாதியில் உடைந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

காலை எட்டரைக்கு பஸ். பிறகு ஆர்.டி. என்கிற சின்ன ரயில், கெனடி நிலையத்தில் சப்வே, மறுபடியும் பஸ். ஒன்றேமுக்கால் மணித்தியாலம், ஒரே டோக்கன். வண்டி மாறும்போது காட்ட வேண்டிய ட்ரான்ஸ்பர் துண்டை நான் தொலைத்துவிடுவேன் என்று அவளே வைத்திருந்தாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

கவிஞர் ஒரு தூதரும்கூட. பழைய போர் ஒன்றில் சேர்பியா எதிரியின் கையில் இருந்தபோது, திரும்பிப் போக வழியில்லாமல் வெளிநாட்டுத் தலைநகரங்களில் அதன் பெயரால் பேசியவர். பகலில் அரசுக் கடிதங்கள், இரவில் கவிதைகள். அந்தப் போர் முடிந்த செய்தியையும் தூர தேசத்தில்தான் கேட்டார். வசந்தி தேர்ந்தெடுத்தது அன்று அவர் எழுதிய கவிதையை.

விழாவுக்கு முன் தேவாலயத்தில், மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள் கொண்ட தாங்கியருகே மெழுகுவர்த்தி கொளுத்தினோம். ரவிக்கானதை, காற்றுப் படாத இடமாகப் பார்த்து, நான் கீழ்த்தட்டு மணலில் நட்டேன். நம் கோயில்களில் இடமிருக்கும் இடத்தில் விளக்கு வைக்கிற பழக்கம்தானே.

மிலேனா என் கையைப் பிடித்தார். "கீழே இறந்தவர்களுக்கு. உயிரோடிருப்பவர்களுக்கு மேலே" என்றார் ஆங்கிலத்தில்.

"என்னப்பா செய்யிறியள்? அவன் இருக்கிறான்!" வசந்தி அதைப் பிடுங்கி மேல்தட்டில் வைத்தாள். உருகிய மெழுகு விரலில் வழிந்தும் விடவில்லை.

பிறகு விழா மண்டபத்தில் அதே விரல்களால் தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். குரல் ஓரிடத்தில் தடுமாறியது. நின்றாள், மூச்செடுத்தாள், முடித்தாள். தமிழில் ஒரு சொல்லும் விளங்காத மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு முதியவர் வந்து அவள் கையை முத்தமிட்டார். அவள் என் மனைவி என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

போக நினைப்பவர்கள் ஞாயிறு பஸ்கள் குறைவு என்பதால் நேரத்தோடு கிளம்புங்கள். மெழுகுவர்த்தியை வைக்குமுன் எந்தத் தட்டு என்று பாருங்கள். நாங்கள் ஒவ்வொரு வருடமும் போகிறோம். ரவியுடையது இன்னும் மேல்தட்டில்தான்.